கைகளை நம்பியவர்: கைரோபிராக்டிக்கைத் தொடங்கிய டேனியல் பால்மர்

வாயைத் திறக்கும்போது காதோரம் சடக்கென்று ஓர் ஒலி. கொட்டாவி விட்டால் வலி. தேர்வு வாரங்களில் காலையில் எழும்போதே தாடை இறுகிக் கிடக்கிறது. இப்படிச் சொல்லும் மாணவர்கள் நம்மிடையே உண்டு. இவர்களில் சிலர் பல் மருத்துவரிடம் போகிறார்கள். சிலரை வீட்டுப் பெரியவர்கள் சுளுக்கு எடுப்பவரிடம் அழைத்துப் போகிறார்கள். இன்னும் சிலர், கையாலேயே எலும்பையும் மூட்டையும் சீராக்குவதாகச் சொல்லும் கைரோபிராக்டிக் நிலையத்துக்குப் போகிறார்கள். ஜார்ஜ்டவுனில் இந்தப் பெயர்ப்பலகை இன்று புதிதல்ல.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கை இருக்கிறது. அவர் மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அல்லர். பள்ளி ஆசிரியராகவும், தேனீ வளர்ப்பவராகவும், மளிகைக் கடைக்காரராகவும் இருந்தவர். தம் கைகளை நம்பி ஒரு சிகிச்சை முறையைத் தொடங்கினார். அதற்காகச் சிறைக்கும் போனார். அவர் எதைச் சரியாகக் கவனித்தார், எந்த இடத்தில் தவறிப் போனார் என்று தெரிந்துகொள்வது, நம் உடம்பை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்யவும் உதவும்.

மிசிசிப்பி ஆற்றங்கரைக்கு வந்த இளைஞர்

டேனியல் டேவிட் பால்மர் 1845ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் தேதி, கனடாவில் டொரோண்டோ நகருக்குக் கிழக்கே உள்ள பிக்கரிங் பகுதியில் பிறந்தார். வசதியான குடும்பம் இல்லை. 1865ஆம் ஆண்டு, 20 வயதில், தம் சகோதரருடன் எல்லை கடந்து அமெரிக்காவுக்கு வந்தார். உள்நாட்டுப் போர் முடிந்து அந்த நாடு மூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய சிற்றூர்களில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். பிறகு கொஞ்சம் நிலம் வாங்கித் தேனீ வளர்த்தார். ராஸ்பெரிப் பழச் செடிகளைப் பயிரிட்டு விற்றார். அதன்பின் மளிகைக் கடை நடத்தினார். எந்தத் தொழிலிலும் நிலைக்கவில்லை என்றாலும், கிடைத்த புத்தகத்தையெல்லாம் படிக்கும் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. உடலமைப்பு, நரம்பு, நோய் பற்றிய நூல்களைத் தாமே படித்துக்கொண்டார்.

அன்றைய மருத்துவம் இன்று நாம் அறிந்த மருத்துவம் அன்று. பாதரசம் கலந்த மருந்தையும் அபினி கலந்த மருந்தையும் மருத்துவர்கள் தாராளமாகக் கொடுத்த காலம். மருந்தே நோயாளியைக் கெடுத்த சம்பவங்கள் ஏராளம். அதனால் மருந்தில்லா வைத்தியம் செய்பவர்களிடம் மக்கள் கூட்டமாகப் போனார்கள். அவற்றுள் ஒன்று காந்த வைத்தியம். வைத்தியரின் கையிலிருந்து நோயாளியின் உடம்புக்குள் ஒரு சக்தி பாய்கிறது என்பது அதன் நம்பிக்கை. பால்மர் 1886ஆம் ஆண்டு வாக்கில் இதைத் தொழிலாக எடுத்துக்கொண்டார். மறு ஆண்டு ஐயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகருக்குக் குடியேறினார். அங்கே நோயாளிகள் பெருகினர்.

மற்ற வைத்தியர்களிடமிருந்து அவரை வேறுபடுத்தியது, அவர் மனத்தில் ஓயாமல் இருந்த ஒரு கேள்வி. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, ஒரே உணவை உண்டு, ஒரே பட்டறையில் உழைக்கும் இருவரில் ஒருவர் மட்டும் ஏன் நோயில் விழுகிறார்? மற்றவர் ஏன் தப்புகிறார்? இன்றைய மருத்துவ ஆய்வாளர்களும் கேட்கும் நல்ல கேள்விதான் அது.

ஒரு துப்புரவுத் தொழிலாளியின் காது

பால்மரின் சிகிச்சை அறைகள் டேவன்போர்ட்டில் ரையன் கட்டடத்தில் இருந்தன. அங்கே துப்புரவு வேலை செய்தவர் ஹார்வி லில்லார்ட் என்ற கறுப்பினத்தவர். 17 ஆண்டுகளாக அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. குனிந்து வேலை செய்தபோது முதுகில் ஏதோ பிசகியது போல் இருந்ததாகவும், அதன்பிறகே செவி மந்தமானதாகவும் அவர் சொன்னாராம்.

பால்மர் அவருடைய முதுகைத் தடவிப் பார்த்தார். முதுகெலும்பில் ஓரிடம் புடைத்திருந்தது. 1895ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் தேதி லில்லார்டைக் குப்புறப் படுக்க வைத்து, அந்த எலும்பைக் கையால் அழுத்தித் தள்ளினார். சில முறை இப்படிச் செய்தபின் லில்லார்டுக்குக் காது கேட்கத் தொடங்கியது என்பது பால்மர் எழுதி வைத்த வரலாறு. லில்லார்டின் மகள் பின்னாளில் சொன்ன கதை வேறு. கூடத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது பால்மர் விளையாட்டாக அவருடைய முதுகில் தட்டினார், அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்றார் அவர். எது நடந்தது என்பதைவிட, அதிலிருந்து பால்மர் என்ன முடிவுக்கு வந்தார் என்பதே நமக்கு முக்கியம்.

அடுத்து ஓர் இதய நோயாளி வந்தார். அவருடைய முதுகெலும்பையும் பால்மர் அழுத்தினார். அவருக்கும் குணம் தெரிந்தது. காதுக்கும் இதயத்துக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டுக்கும் முதுகெலும்பே காரணம் என்றால், மற்ற நோய்களுக்கும் ஏன் அதுவே காரணமாக இருக்கக்கூடாது? முதுகெலும்பின் கண்ணி ஒன்று சற்று விலகினால் நரம்பு பாதிக்கப்படுகிறது, அதனால் நோய் வருகிறது என்ற கொள்கை இப்படிப் பிறந்தது. விலகிய அந்த நிலைக்கு அவர் சப்லக்சேஷன் என்று பெயரிட்டார்.

இரண்டு நோயாளிகள், அதிலிருந்து உலகத்து நோய்கள் அனைத்துக்கும் ஒரு விளக்கம். அறிவியல் படிக்கும் மாணவருக்கு இந்தப் பாய்ச்சல் உறுத்த வேண்டும். செவி நரம்பு முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை. உட்செவியிலிருந்து நேராக மூளைக்குச் செல்லும் எட்டாவது மண்டை நரம்பு அது. முதுகில் ஓர் எலும்பைத் தள்ளினால் அந்த நரம்பு எப்படி விடுபடும் என்பதற்கு விடை இல்லை. உடம்புக்குள் எட்டிப் பார்க்கும் வழியும் அன்று பால்மருக்கு இல்லை. ஜெர்மனியில் ரான்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தது அதே ஆண்டு நவம்பரில்தான். லில்லார்டின் முதுகை அழுத்தி இரண்டு மாதம்கூட ஆகவில்லை!

பள்ளியும் சிறையும்

புதிய முறைக்குப் பெயர் வேண்டியிருந்தது. பால்மரிடம் சிகிச்சை பெற்றுவந்த சாமுவேல் வீட் என்ற பாதிரியார் கிரேக்க மொழி அறிந்தவர். கை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் செய்தல் என்று பொருள்படும் சொல்லையும் இணைத்துக் கைரோபிராக்டிக் என்ற பெயரை அவர் அமைத்துக் கொடுத்தார். கையால் செய்வது என்பதே அதன் பொருள்.

1897ஆம் ஆண்டு பால்மர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். தாம் கண்டதை ரகசியமாக வைத்துக்கொள்ளாமல் பிறருக்குக் கற்றுக்கொடுத்தார் என்பது அவருடைய வாழ்க்கையின் பெருமைக்குரிய பகுதி. முறையான மருத்துவம் படித்த சிலரும் அவரிடம் மாணவராகச் சேர்ந்தார்கள். மகன் பார்ட்லெட் ஜோசுவா பால்மரும் அங்கே படித்துத் தேறினார்.

ஆனால் உரிமம் இல்லாமல் மருத்துவம் செய்வது சட்டப்படி குற்றம். 1906ஆம் ஆண்டு நீதிமன்றம் பால்மரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. 350 டாலர் அபராதம் கட்ட வேண்டும், அல்லது 105 நாள் சிறையில் இருக்க வேண்டும். தாம் செய்தது மருத்துவமே அன்று, அது தனி ஒரு கலை என்பது அவருடைய வாதம். அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார். 23 நாள் கழித்துப் பணத்தைக் கட்டி வெளியே வந்தார்.

அதே ஆண்டில் பள்ளியும் அவர் கையைவிட்டு மகனிடம் போனது. தந்தைக்கும் மகனுக்கும் இடையே மனக்கசப்பு வளர்ந்தது. பால்மர் ஓக்லஹோமாவுக்கும் ஓரிகனுக்கும் போய்ப் புதிய பள்ளிகளைத் தொடங்கிப் பார்த்தார். எதுவும் டேவன்போர்ட் பள்ளிபோல் வளரவில்லை. தாம் நட்ட மரத்தின் நிழலில் தமக்கே இடம் இல்லாத நிலை. எஞ்சிய காலத்தில் எழுதத் தொடங்கினார். 1910ஆம் ஆண்டு, ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில், ஏறத்தாழ ஆயிரம் பக்கங்களில் அவருடைய பெரிய நூல் வெளிவந்தது.

நோய்களில் 95 விழுக்காடு முதுகெலும்பு விலகுவதால் வருகிறது, மீதி 5 விழுக்காடு உடம்பின் மற்ற மூட்டுகள் விலகுவதால் வருகிறது என்பது அவருடைய கணக்கு. ஆக, தாடை மூட்டு போன்றவற்றுக்கு அவர் ஒதுக்கியது அந்த மிச்சத்தில் ஒரு மூலைதான். கிருமிகள் நோயை உண்டாக்குகின்றன என்பதை அவர் ஏற்கவில்லை. தடுப்பூசியையும் எதிர்த்தார்.

அதே ஆண்டில் ஒரு பினாங்குக்காரர்

பால்மரின் நூல் வெளிவந்த அதே 1910ஆம் ஆண்டின் இறுதியில், பினாங்கில் பிறந்த ஒரு மருத்துவர் சீனாவின் மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்டார். பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்து, அரசியார் உபகாரச் சம்பளம் பெற்று, கேம்பிரிட்ஜில் மருத்துவம் முடித்த டாக்டர் வூ லியன் தே அவர். ஹார்பின் நகரில் ஒரு கொடிய நோய் மக்களை வாரிக்கொண்டு போனது. அது பிளேக் நோய் என்றும், எலியும் தெள்ளுப்பூச்சியும் இல்லாமலே மூச்சுக்காற்று வழியாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுகிறது என்றும் அவர் முடிவுக்கு வந்தார்.

அவர் அந்த முடிவுக்கு வந்த முறையைக் கவனியுங்கள். இறந்தவரின் உடலை அறுத்துப் பார்த்தார். திசுவை எடுத்து நுண்ணோக்கியில் வைத்து, கிருமியைக் கண்ணால் கண்டார். பஞ்சும் மெல்லிய துணியும் அடுக்கிய முகக்கவசத்தை அணியச் சொன்னார். அவர் கருத்தை ஏற்காமல் முகக்கவசமின்றி நோயாளிகளைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் மெனி சில நாள்களில் அதே நோயால் இறந்தார். ஏறத்தாழ 60,000 பேரைப் பலிகொண்ட அந்த நோய் 1911ஆம் ஆண்டின் முற்பகுதியில் அடங்கியது.

பால்மரும் வூவும் ஒருவரையொருவர் சந்தித்ததில்லை. இருவரும் நோயின் காரணத்தைத் தேடினார்கள். வூ தம் கருத்து தவறாக இருந்தால் உடனே தெரிந்துவிடும்படி அதைச் சோதனைக்கு வைத்தார். பால்மரோ தமக்குச் சாதகமான நோயாளிகளை எண்ணினார். குணமாகாதவர்களை வைத்துத் தம் கொள்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

1913ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் தேதி, 68ஆம் வயதில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பால்மர் காலமானார். பதிவான காரணம் டைபாய்டு காய்ச்சல். கிருமியால் வரும் நோய் அது. அந்த ஆண்டில்தான் கான்சாஸ் மாநிலம் கைரோபிராக்டிக்குக்கு அமெரிக்காவிலேயே முதன்முதலாகச் சட்ட ஏற்பு அளித்தது. இந்தச் சிகிச்சை முறைக்கு எல்லா மாநிலங்களும் உரிமம் வழங்க 1974 வரை ஆனது. கைரோபிராக்டிக் மருத்துவர்களை ஒதுக்கிவைக்க அமெரிக்க மருத்துவச் சங்கம் முயன்றது சட்டவிரோதம் என்று 1987ஆம் ஆண்டு ஒரு கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டு

லில்லார்டின் காதிலிருந்து தொடங்கிய கதை தாடைக்கு எப்படி வந்தது? உங்கள் ஆட்காட்டி விரலைக் காதுத் துளைக்குச் சற்று முன்னால் வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் ஏதோ உருண்டு நகர்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடை முதலில் சுழல்கிறது. வாய் இன்னும் விரியும்போது முன்னோக்கி வழுக்கி நகர்கிறது. எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் ஒரு சிறு வட்டு இருக்கிறது. அது இடம் மாறி மீளும்போதுதான் பெரும்பாலும் அந்தச் சடக் ஒலி எழுகிறது. வலப்பக்க மூட்டும் இடப்பக்க மூட்டும் ஒரே எலும்பின் இரு முனைகள். எனவே ஒன்று தனியாக அசைய முடியாது.

காதுக்கு இவ்வளவு அருகில் இருப்பதால் தாடை மூட்டின் வலியைப் பலர் காதுவலி என்றே நினைக்கிறார்கள். 1934ஆம் ஆண்டு ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது, மூக்கு, தொண்டை மருத்துவர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் இருந்தது செயின்ட் லூயிஸ் நகரம்; டேவன்போர்ட்டைத் தொட்டுப் போகும் அதே மிசிசிப்பியின் கரையில், தெற்கே இருப்பது. காதுவலி, காதில் இரைச்சல், மந்தமான செவி என்று வந்த 11 நோயாளிகளுக்குத் தாடை மூட்டிலும் கோளாறு இருந்ததை அவர் கவனித்தார். கடைவாய்ப் பற்கள் இல்லாததால் தாடை பின்னே தள்ளி நரம்பை அழுத்துகிறது என்று விளக்கம் சொன்னார்.

பின்னால் வந்த உடற்கூற்று ஆய்வாளர்கள், நரம்பு அப்படி அழுத்தப்பட வழியில்லை என்று காட்டினார்கள். காஸ்டனின் விளக்கம் விழுந்தது. அவர் கவனித்த செய்தி நின்றது. தாடை மூட்டைத் தனியாக ஆராயும் வழக்கம் அதிலிருந்து வலுப்பெற்றது. பால்மரின் கதையும் இதைப் போன்றதுதான். எல்லா நோய்க்கும் முதுகெலும்பே காரணம் என்ற விளக்கம் அறிவியலில் நிற்கவில்லை. பயிற்சி பெற்ற கைகள் தசை, மூட்டு வலியைக் குறைக்கக்கூடும் என்ற பகுதி சோதனைக்குப் பிறகும் ஓரளவு நிற்கிறது.

2023ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற மருத்துவ இதழில், நீண்டகாலத் தாடை வலிக்கான ஒரு வழிகாட்டி வெளிவந்தது. பல ஆய்வுகளை ஒப்பிட்டு எழுதப்பட்டது அது. வலியைச் சமாளிக்கக் கற்றுத்தரும் மனநல ஆலோசனை, சிகிச்சையாளர் மூட்டை மெல்ல அசைத்துக் கொடுப்பது, இறுகிய தசையைக் கையால் அழுத்தி இளக்குவது, மேற்பார்வையோடு செய்யும் தாடைப் பயிற்சி ஆகியவற்றை அது உறுதியாகப் பரிந்துரைத்தது. மூட்டின் வட்டை அறுத்து எடுப்பது போன்ற, பழைய நிலைக்குத் திரும்ப முடியாத சிகிச்சைகள் வேண்டாம் என்றது. கையால் செய்யும் இந்தச் சிகிச்சை கைரோபிராக்டிக் மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. உடலியக்கச் சிகிச்சையாளர்களும் செய்கிறார்கள்.

கழுத்துக்கும் இதில் பங்கு உண்டு. முகத்தின் வலியைக் கொண்டு செல்லும் நரம்பும் கழுத்தின் மேற்பகுதி நரம்புகளும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதனால் கழுத்து இறுக்கம் தாடை வலியாகத் தெரியலாம். அதே வேளையில், கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடுக்கும் முறைக்குப் பிறகு, அரிதாக, கழுத்து ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் ஏற்பட்ட சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அரிது என்றாலும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

தாடை வலிக்கும் மாணவருக்கு

வலி இல்லாமல் ஒலி மட்டும் வந்தால் பெரும்பாலும் சிகிச்சையே தேவைப்படாது. வலி இருந்தால் சில நாள் மென்மையான உணவு உண்ணுங்கள்; சூயிங்கம் மெல்வதை நிறுத்துங்கள்; வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுங்கள். பாடம் படிக்கும்போது பற்களைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்களா என்று அடிக்கடி கவனியுங்கள். உதடுகள் மூடியிருந்தாலும் பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதே தாடைக்கு ஓய்வு. பெரும்பாலோருக்கு இதிலேயே வலி தணிந்துவிடும். தாடை பூட்டிக்கொண்டால், வீக்கமோ காய்ச்சலோ மரத்துப்போதலோ இருந்தால், அடிபட்டபின் வலி வந்தால், முதலில் பல் மருத்துவரையோ மருத்துவரையோ பாருங்கள்.

மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, இணை மருத்துவச் சட்டத்தின் கீழ் வரும் துறைகளில் கைரோபிராக்டிக்கும் ஒன்று. உள்நாட்டிலேயே அதில் பட்டப்படிப்பும் உண்டு. எனவே சிகிச்சைக்குப் போகுமுன், பதிவு பெற்றவரா, எங்கே படித்தவர் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. என் வலிக்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள், எத்தனை முறை வர வேண்டும், எத்தனை வாரத்தில் குணம் தெரியாவிட்டால் வேறு வழி தேடுவோம் என்றும் கேளுங்கள். மருத்துவமனையிலும் சுளுக்கு எடுப்பவரிடமும் இதே கேள்விகளைக் கேட்கலாம்.

மூன்றாவது கேள்விக்குத் தெளிவான விடை சொல்பவரை நம்பலாம். தம் சிகிச்சை பலிக்காமலும் போகலாம் என்பதை ஒப்புக்கொள்பவர் அவர். பால்மர் நல்ல கேள்வியோடு தொடங்கியவர். உழைப்புக்கும் துணிவுக்கும் அவரிடம் குறைவில்லை. தம் கொள்கை தவறு என்று எது நடந்தால் ஒப்புக்கொள்வோம் என்ற ஒரு கேள்வியை மட்டும் அவர் தம்மிடமே கேட்டுக்கொள்ளவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு கருதுகோளை எழுதும்போதும், நாளை நீங்களே மருத்துவராகவோ சிகிச்சையாளராகவோ ஒரு நோயாளியின் முன் நிற்கும்போதும், முதலில் கேட்க வேண்டியது அதுவே.